உழைத்து ஓய்ந்த பின் மாத வருமானம்: நன்னிலம் சிறு விவசாயிகள் போட வேண்டிய கணக்கு

நன்னிலம் வட்டாரத்து விவசாயி கணக்குப் போடத் தெரியாதவர் அல்லர். ஒரு மாவுக்கு எவ்வளவு விதை, நடவுக்கு எத்தனை ஆள், அறுவடை எந்திரத்துக்கு மணிக்கு என்ன வாடகை, கொள்முதல் நிலையத்தில் எத்தனை மூட்டை போடலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் ஒரே ஒரு கணக்கை மட்டும் பெரும்பாலோர் போட்டுப் பார்ப்பதில்லை. வயலில் இறங்க முடியாத வயது வந்த பிறகு மாதம் எத்தனை ரூபாய் கைக்கு வரும் என்பதே அந்தக் கணக்கு.

அரசு ஊழியருக்கு ஓய்வு பெறும் தேதி உண்டு. அந்தத் தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குத் தெரியும். விவசாயிக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. முழங்கால் வலியோ, கண்ணில் புரையோ, ஒரு மழைக்காலத்தில் வரப்பில் வழுக்கி விழுந்ததோதான் அவருக்கு ஓய்வு உத்தரவு. அது எந்த ஆண்டு வரும் என்று முன்கூட்டித் தெரியாது. தெரியாத காரணத்தாலேயே அதற்கான ஏற்பாடும் தள்ளிப் போகிறது.

முடிகொண்டான், திருமலைராஜன், அரசலாறு ஆகிய ஆறுகள் பாயும் இந்த வட்டாரம் நெல்லுக்குப் பெயர் பெற்றது. ஆனால் இங்கு நிலம் துண்டு துண்டாகிவிட்டது. 2015-16-ல் எடுக்கப்பட்ட வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நில அளவு 0.75 ஹெக்டேர். ஐந்தரை மாவுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஒரு குடும்பம் பிழைப்பதற்கே போராட வேண்டிய இந்த நிலத்திலிருந்து முதுமைக்கும் ஏதாவது ஒதுக்க முடியுமா? முடியும். அதற்கு முதலில், தன் முதுமை பற்றிய தைரியம் எதிலிருந்து வருகிறது என்பதை விவசாயி தெரிந்துகொள்ள வேண்டும்.

தைரியம் எதிலிருந்து வருகிறது?

முதுமையைப் பற்றிக் கிராமத்தில் பேச்செடுத்தால் பொதுவாக நான்கு பதில்கள் கிடைக்கும். நிலம் இருக்கிறது. மகன் இருக்கிறான். கொஞ்சம் நகை இருக்கிறது. உடம்பில் தெம்பு உள்ளவரை உழைப்பு இருக்கிறது. இந்த நான்கும் பொய்யல்ல. ஆனால் இவை ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

முதல் கேள்வி: இதிலிருந்து மாதாமாதம் பணம் வருமா? இரண்டாவது கேள்வி: அந்தப் பணம் தன் பெயரில், தன் கைக்கு வருமா? மூன்றாவது கேள்வி: ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டிலும் அது வருமா?

அதே தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தால் வேறுபாடு எளிதில் புரியும். 2003 ஏப்ரல் 1-ஆம் தேதிக்கு முன் அரசுப் பணியில் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம் உண்டு. அவருக்கு ஒரு மா நிலம்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் மூன்று கேள்விகளுக்கும் அவருடைய பதில் ‘ஆம்’ என்பதே. அதனால்தான் ஒரு வேலி நிலம் உள்ளவருக்கு இல்லாத நிம்மதி சில சமயம் அவருக்கு இருக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நிலை அல்ல. அமெரிக்காவில் தொழிலாளர்களின் ஓய்வுக்கால நம்பிக்கை பற்றி 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வு நடத்தி வருகிறார்கள். ஓய்வூதியத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருப்பவருக்கு நம்பிக்கை அதிகம், கடன் சுமை உள்ளவருக்கு நம்பிக்கை குறைவு என்பது அதில் திரும்பத் திரும்பத் தெரிய வந்துள்ளது. மற்றொன்றும் தெரிய வந்துள்ளது. 65 வயது வரை உழைப்போம் என்று எண்ணியிருப்பவர்களில் பலர் உடல்நலக் குறைவாலும் வேறு காரணங்களாலும் அதற்கு முன்பே வேலையை விட நேர்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் நிறைந்த நாட்டிலேயே இந்த நிலை என்றால், சேற்றில் நின்று உழைப்பவர் உடம்பை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

நிலம் தரும் வருமானம்

6 மா, அதாவது 2 ஏக்கர் நிலம் உள்ள ஒரு விவசாயியை எடுத்துக்கொள்ளலாம். அவரால் இனி சாகுபடி செய்ய முடியவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறார். ஏக்கருக்கு 60 கிலோ எடையுள்ள 8 மூட்டை குத்தகை என்று வைத்துக்கொண்டால் 2 ஏக்கருக்கு 16 மூட்டை, அதாவது 960 கிலோ நெல் வரும். 2025-26 கொள்முதல் பருவத்தில் தமிழ்நாட்டில் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு ரூ.2,500 விலை கொடுக்கப்பட்டது. அந்த விலைப்படி அவருக்கு ஆண்டுக்கு ரூ.24,000 கிடைக்கும். மாதக் கணக்கில் ரூ.2,000. நிலத்தின் விற்பனை மதிப்பு பல லட்சம் ஆக இருக்கலாம். ஆனால் அது தரும் மாத வருமானம் இவ்வளவுதான்.

அதுவும் தண்ணீர் வந்தால்தான். 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்தத் தேதியில் அணை திறக்கப்படவில்லை. 2016-ல் செப்டம்பர் 20-ஆம் தேதிதான் திறந்தார்கள். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையும் தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. சம்பாப் பயிர் கருகியது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. பயிர் செய்தவருக்குப் பயிர்க் காப்பீடு ஓரளவு கை கொடுக்கும். ஆனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அந்த நெல்லை நம்பியிருக்கும் முதியவருக்கு அத்தகைய ஆண்டில் எதுவும் மிஞ்சுவதில்லை.

தென்னையையும் பலர் முதுமைக்குத் துணையாக நினைக்கிறார்கள். பெற்ற பிள்ளை சோறு போடாவிட்டாலும் வைத்த பிள்ளை சோறு போடும் என்பது நம் பக்கத்துப் பழமொழி. அந்தத் தென்னம்பிள்ளைக்கும் ஆபத்து உண்டு என்பதை 2018 நவம்பர் 16-ஆம் தேதி கரை கடந்த கஜா புயல் காட்டியது. முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் பல ஆண்டுகள் வளர்ந்த மரங்கள் ஒரே இரவில் சாய்ந்தன.

நிலம் வேண்டாம், தென்னை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். நிலத்தை முதுமையின் ஒரு தூணாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கூரை முழுவதையும் அந்த ஒரு தூணின் மேல் ஏற்றி வைக்கக் கூடாது.

ஆதீனங்களின் நிலத்தையும் கோயில் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்பவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அவர்களுக்கு இந்த ஒரு தூணும் சொந்தமில்லை. அந்த நிலத்தை விற்க முடியாது. அடமானம் வைக்க முடியாது. பட்டா தன் பெயரில் இல்லாததால் நில உரிமையை அடிப்படையாகக் கொண்ட சில திட்டங்களிலும் சேர முடியாது. ஆகவே, குத்தகை விவசாயி மற்றவர்களைவிட முன்னதாகவே வேறு ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும்.

மகன் பார்த்துக்கொள்வானா?

முன்பு ஒரு வீட்டில் மூன்று நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவர் இல்லாவிட்டால் மற்றொருவர் பார்த்துக்கொண்டார். இன்று நிலைமை வேறு. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். அந்தப் பிள்ளைகளும் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் என்று வேலை தேடிப் போய்விடுகிறார்கள்.

மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழுவின் மதிப்பீட்டின்படி 2021-ல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். 2031-ல் இது 18.2 சதவீதம் ஆகும். இந்தியாவில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் அதிகம் உள்ள பெரிய மாநிலம் தமிழ்நாடுதான். முதியவர் கூடிக்கொண்டே போகிறார்கள். தாங்கும் தோள்கள் குறைந்துகொண்டே வருகின்றன. மகன் நல்லவனாக இருந்தாலும் அவனுக்கும் வீட்டு வாடகை உண்டு, பள்ளிக் கட்டணம் உண்டு. அவன் அனுப்பும் பணத்தை உதவியாகக் கருதலாம்; உறுதியான வருமானமாகக் கணக்கில் எழுதக் கூடாது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. உயிரோடு இருக்கும்போதே நிலத்தையும் வீட்டையும் பிள்ளைகளுக்கு செட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு ஒரு வேளை சோற்றுக்கும் மருந்துக்கும் கையேந்தும் பெற்றோர் பல ஊர்களில் இருக்கிறார்கள். நிலம் கையை விட்டுப் போனால் முதியவரின் பேச்சுக்கு இருந்த மதிப்பும் பல வீடுகளில் போய்விடுகிறது.

இத்தகையவர்களுக்காக 2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இயற்றப்பட்டது. பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்டு வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். இந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு முக்கியமானது. தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, பெற்றவர் அதை நிறைவேற்றாவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பத்திரத்தில் நிபந்தனை இல்லாத நிலையில் என்ன செய்வது என்பது பற்றி நீதிமன்றத் தீர்ப்புகள் வழக்குக்கு வழக்கு வேறுபடுகின்றன. எனவே, எழுதிக் கொடுப்பதானால் பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதச் செய்ய வேண்டும். தன் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமையையும் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். இதைவிட எளிய வழி உயில் எழுதுவது. உயில், எழுதியவரின் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். அதுவரை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

நகையும் கடனும்

நகை அவசரத்துக்கு உதவும். ஆனால் அந்த நகை வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா, அடகில் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நடவின்போதும் அடகுக்குப் போய், ஒவ்வொரு அறுவடையின்போதும் திரும்பி வரும் நகை, சாகுபடிக்கு முதலாக ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. அதையே முதுமைச் சேமிப்பாகவும் எண்ணினால் ஒரே நெல்லை இரண்டு முறை அளப்பதாக ஆகிவிடும்.

கடன்களும் எல்லாம் ஒன்றல்ல. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டுவோருக்குத் தமிழ்நாட்டில் வட்டி கிடையாது. வெளியில் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினால் ஆண்டுக்கு 36 ரூபாய் வட்டி. இப்படிப்பட்ட கடனை வைத்துக்கொண்டு வேறு எதில் சேமித்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். முதலில் அடைக்க வேண்டியது அந்தக் கடனை.

2021-ல் தமிழ்நாடு அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் ரூ.12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. பலருக்கு அது மூச்சு விட வழி செய்தது உண்மை. ஆனால் தள்ளுபடி எப்போது வரும், யாருக்கு வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதை நம்பி 60 வயதுக்குப் பின்னும் கடனைச் சுமந்திருப்பது சரியல்ல. 60-ஆவது வயதில் கடன் இல்லாமல் கால் வைப்பதே முதுமைக்கான முதல் சேமிப்பு ஆகும்.

அரசு தரும் உதவித்தொகை

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகைத் திட்டம் 1962 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. 1981-ல் ஆதரவற்ற விவசாயத் தொழிலாளர்களுக்குத் தனியாக ஓய்வூதியம் ஏற்பட்டது. அண்டை மாநிலமான கேரளத்தில் 1980-லேயே விவசாயத் தொழிலாளர் ஓய்வூதியம் தொடங்கியிருந்தது. 2011-ல் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் வந்தது. இரண்டரை ஏக்கர் வரை நன்செய் அல்லது 5 ஏக்கர் வரை புன்செய் உள்ள சிறு, குறு விவசாயிகளும், விவசாயத் தொழிலாளர்களும் இதில் பதிவு செய்துகொள்ளலாம். 2023 ஆகஸ்டு முதல் முதியோர் உதவித்தொகை மாதம் ரூ.1,000-லிருந்து ரூ.1,200-ஆக உயர்த்தப்பட்டது.

இந்தத் தொகை சிறியதுதான். ஆனால் மாதாமாதம் வருகிறது; தன் பெயரில் வருகிறது; மழை பொய்த்தாலும் வருகிறது. 2011 ஜூன் முதல் நியாய விலைக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டில் யாரிடமும் கேட்காமல் மருந்து வாங்கவும், பேரப்பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கவும் இந்தப் பணம் உதவுகிறது. முதியவரின் மதிப்பை அது காக்கிறது.

எனினும், இந்த உதவித்தொகை ஆதரவும் வசதியும் இல்லாதவர்களுக்கானது. கேட்டவர் அனைவருக்கும் கிடைத்துவிடாது. நிலம், வீடு, பிள்ளைகளின் நிலை ஆகியவற்றை விசாரித்த பிறகே அனுமதிக்கிறார்கள். 60 வயது ஆனதும் தானாக வந்து சேரும் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராகப் பதிவு செய்வதை இளம் வயதிலேயே முடித்துவிட வேண்டும். விவரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடமும், தாலுகாவில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனித் தாசில்தார் அலுவலகத்திலும் கேட்டறியலாம்.

தானே கட்டிப் பெறும் ஓய்வூதியம்

மத்திய அரசின் பிரதம மந்திரி கிசான் மான்தன் திட்டம் 2019 செப்டம்பர் 12-ல் தொடங்கப்பட்டது. 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ள, 18 முதல் 40 வயது வரையுள்ள விவசாயிகள் இதில் சேரலாம். சேரும் வயதைப் பொறுத்து மாதம் ரூ.55 முதல் ரூ.200 வரை கட்ட வேண்டும். விவசாயி கட்டும் அதே அளவு தொகையை மத்திய அரசும் கட்டுகிறது. 60 வயது முதல் மாதம் ரூ.3,000 ஓய்வூதியம். ஓய்வூதியம் பெறுபவர் இறந்தால் கணவனுக்கோ மனைவிக்கோ பாதி கிடைக்கும். மனைவியும் தனியாகப் பணம் கட்டித் தன் பெயரில் ரூ.3,000 பெற வழி உண்டு.

இதை நெல் கணக்கில் பார்க்கலாம். 35 வயதில் சேர்பவர் மாதம் ரூ.150, ஆண்டுக்கு ரூ.1,800 கட்ட வேண்டும். மேலே சொன்ன கொள்முதல் விலையில் 60 கிலோ மூட்டை ரூ.1,500. ஆகவே ஆண்டுக்கு ஒன்றேகால் மூட்டை நெல்லுக்கும் குறைவு. அவர் 25 ஆண்டுகளில் கட்டும் மொத்தத் தொகை ரூ.45,000. 60 வயதுக்குப் பிறகு ஒரே ஆண்டில் அவருக்குக் கிடைப்பது ரூ.36,000. பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு வரும் ரூ.6,000-லிருந்தே இந்தத் தவணையைக் கட்டவும் ஏற்பாடு உண்டு. இடையில் விலக நேர்ந்தால் தான் கட்டிய பணம் வட்டியோடு திரும்பக் கிடைக்கும்.

பட்டா இல்லாத குத்தகை விவசாயிகளுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் வேறு வழிகள் உள்ளன. 2015 மே 9-ல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேமிப்புக் கணக்கு உள்ள 18 முதல் 40 வயதினர் சேரலாம். வருமான வரி கட்டுவோர் மட்டும் சேர முடியாது. மாதம் ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை எவ்வளவு ஓய்வூதியம் வேண்டும் என்பதைச் சேர்பவரே முடிவு செய்யலாம். 30 வயதில் சேர்பவர் ரூ.1,000 ஓய்வூதியத்துக்கு மாதம் ரூ.116-ம், ரூ.5,000 ஓய்வூதியத்துக்கு மாதம் ரூ.577-ம் கட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டும் வசதியும் உண்டு. அறுவடைக்கு அறுவடை பணம் பார்க்கும் விவசாயிக்கு இதுவே ஏற்றது. அவருக்குப் பின் அதே ஓய்வூதியம் மனைவிக்கு அல்லது கணவனுக்குத் தொடரும். மாத வருமானம் ரூ.15,000-க்கு மேற்படாத கூலித் தொழிலாளர்களுக்கு 2019-ல் வந்த ஷ்ரம் யோகி மான்தன் திட்டமும் உள்ளது. அதிலும் தவணை ரூ.55 முதல் ரூ.200 வரை, ஓய்வூதியம் ரூ.3,000.

விலைவாசியை மறக்கக் கூடாது

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இன்றைய ரூ.3,000 வேறு, 25 ஆண்டு கழித்து வரும் ரூ.3,000 வேறு. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், 25 ஆண்டுக்குப் பிறகு வரும் ரூ.3,000-க்கு இன்று சுமார் ரூ.885-க்கு வாங்கக்கூடிய பொருள்தான் கிடைக்கும். இன்று ஒரு முதிய தம்பதிக்கு மாதம் ரூ.6,000 தேவை என்றால், அன்று ரூ.20,000-க்கு மேல் தேவைப்படும். ஓய்வூதியத் தொகை நிலையானது. விலைவாசியோடு சேர்ந்து உயராது. எனவே, ஒரு திட்டத்தில் சேர்ந்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுவதும் தவறு.

ஆனால் நெல்லுக்கும் விலை ஏறும். குத்தகை நெல்லின் மதிப்பும் விலைவாசியோடு ஓரளவு உயரும். ஓய்வூதியம் தண்ணீர் இல்லாத ஆண்டிலும் வரும். ஆனால் மதிப்புக் குறையும். நிலம் மதிப்பைக் காக்கும்; ஆனால் தண்ணீர் இல்லாத ஆண்டில் கை விரிக்கும். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது. ஆகவே, இரண்டும் வேண்டும்.

நம்பிக்கை தளர்வதும் உண்டு

பணத்தைக் கட்டினால் திரும்ப வருமா என்ற அச்சம் விவசாயிகளிடையே இருக்கிறது. அந்த அச்சம் காரணமில்லாதது அல்ல. இலங்கையில் 1987-ல் சட்டம் இயற்றி விவசாயிகளுக்கு ஓய்வூதியத் திட்டம் ஏற்படுத்தினார்கள். பின்னர் நிதி வறண்டு, ஓய்வூதியம் வழங்குவது சில காலம் நின்று, 2014-ல் மீண்டும் தொடங்கியது. நல்ல திட்டமும் நிதி நிர்வாகம் சரியில்லாவிட்டால் தடுமாறும் என்பதற்கு இது சான்று.

இதனால் திட்டமே வேண்டாம் என்று ஒதுங்குவது தீர்வாகாது. அரசின் பொறுப்பில் உள்ள திட்டத்துக்கும், ஊரில் யாரோ நடத்தும் பதிவு பெறாத சீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய வேண்டும். அதிக வட்டி என்று ஆசை காட்டுபவரிடம் முதுமைக்கான பணத்தைக் கொடுக்கவே கூடாது. கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ரசீதோ பாஸ்புத்தகத்தில் பதிவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு, பட்டா ஆகிய மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்கிறதா என்று இப்போதே சரிபார்த்துத் திருத்திக்கொள்வது, 60 வயதில் அலைச்சலைத் தவிர்க்கும்.

பெண்களுக்குத் தனிக் கணக்கு

நடவிலும் களையெடுப்பிலும் பாதிக்கு மேல் உழைப்பு பெண்களுடையது. ஆனால் பட்டா கணவர் பெயரில், வங்கிக் கணக்கு கணவர் பெயரில் என்று இருந்தால், அவருக்குப் பிறகு மனைவி எல்லாவற்றுக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டியதாகிறது. ஆகவே, குடும்பத்தின் முதுமைக் கணக்கில் மனைவிக்குத் தனிப் பக்கம் வேண்டும். அவர் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கும், ஓர் ஓய்வூதியத் திட்டமும் இருப்பது நல்லது. கணவரின் எல்லாச் சேமிப்பிலும் வாரிசு நியமனம் செய்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

எந்த வயதில் என்ன செய்வது?

40 வயதுக்குள் இருப்பவர் தாமதிக்காமல் மேலே சொன்ன திட்டங்களில் ஏதாவது ஒன்றில் சேர வேண்டும். 40 வயது முடிந்தால் கதவு மூடிவிடும். ஓர் ஆண்டு தள்ளிப் போட்டால் தவணையும் ஏறும்.

45 வயதைக் கடந்தவர் அஞ்சலகச் சேமிப்பை நாடலாம். ஆண்டுக்கு 5 மூட்டை நெல்லின் விலையான ரூ.7,500-ஐ 15 ஆண்டுகள் சேமித்தால், 6.5 சதவீத வட்டியில் சுமார் ரூ.1,80,000 சேரும். அதை அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போட்டால், 7.4 சதவீத வட்டி என்றால் மாதம் ரூ.1,110 வரும். வட்டி விகிதம் அவ்வப்போது மாறக்கூடியது. போடும்போது கேட்டுக்கொள்ள வேண்டும். 5 மூட்டை முடியாதவர் 2 மூட்டையில் தொடங்கலாம். சேமிப்புக்கான நெல்லைப் பொங்கலுக்குப் பின் வரும் சம்பா அறுவடையிலேயே முதலில் ஒதுக்கிவிட வேண்டும். செலவு போக மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்றால் மிஞ்சாது. விதைநெல்லை யாரும் மிஞ்சியதிலிருந்து எடுப்பதில்லை. முதலிலேயே கட்டி வைக்கிறார்கள். முதுமைக்கான நெல்லும் விதைநெல்லைப் போன்றதுதான்.

60 வயதை நெருங்குபவர் புதிய கடன் வாங்குவதையும், சொத்தை அவசரப்பட்டு எழுதிக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். உதவித்தொகைக்கான தகுதியைக் கேட்டறிந்து மனு கொடுக்க வேண்டும்.

எல்லோரும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஒரு நோட்டில் ஒரு பக்கம் எடுத்து, 60 வயதுக்குப் பிறகு வரக்கூடிய ஒவ்வொரு வருமானத்தையும் மாதக் கணக்கில் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரில், அது யார் பெயரில் வருகிறது, ஆறு வறண்டாலும் வருமா என்று குறிக்க வேண்டும். கீழே கூட்டி, மாதச் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தவருக்கு அதை ஈடுகட்ட ஒவ்வோர் அறுவடையும் ஒரு வாய்ப்பு. அடுத்த அறுவடை நெல் களத்தைவிட்டுப் போவதற்கு முன் இந்த ஒரு பக்கத்தை எழுதி வைத்துக்கொள்வது நன்னிலம் வட்டாரத்து ஒவ்வொரு விவசாயக் குடும்பத்துக்கும் நன்மை தரும்.